ஆம்ப்ளிபயரும் ஒலிபெருக்கியும் பொருந்துமாறு

மும்பையிலிருந்து தாணா உப்பங்கழியைக் கடந்து கிழக்கே செல்லும் ரயிலில், கழிக்கு அப்பால் முதலில் வரும் நிலையம் வாஷி ஆகும். 1970 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சிட்கோ என்னும் நகர வளர்ச்சிக் கழகம் நவி மும்பையை அமைக்கத் தொடங்கியபோது முதலில் உருப்பெற்ற பகுதிகளுள் இதுவும் ஒன்று. 1973 இல் கழியின்மீது சாலைப் பாலமும், 1992 இல் ரயில் பாதையும் திறக்கப்பட்டன. மாட்டுங்கா, செம்பூர், தாராவி முதலிய இடங்களில் வாழ்ந்துவந்த தமிழ்க் குடும்பங்கள் பல இடவசதியை நாடி இங்குக் குடியேறின. இடவசதி என்பதும் ஓரளவுக்கே; செக்டர் எண்களால் வழங்கும் இக்குடியிருப்புகளில் முன்னறை பெரும்பாலும் சிறியதேயாகும். எனினும், சண்முகானந்தா மண்டபத்திலோ செம்பூர் பைன் ஆர்ட்ஸ் சங்கத்திலோ கேட்ட கச்சேரியை வீட்டிலும் கேட்கவேண்டும் என்னும் ஆவல் இக்குடும்பங்களைவிட்டு நீங்கவில்லை. அலமாரியில் ஓர் ஆம்ப்ளிபயர், அதன் இருபுறமும் இரண்டு ஒலிபெருக்கிகள் என்பது பல வீடுகளில் காணும் காட்சியே.

இத்தகைய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆம்ப்ளிபயரின் பின்புறத்தில் ‘ஒரு பக்கத்துக்கு 50 வாட், 8 ஓம்’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. முன்னறையில் உள்ள ஒலிபெருக்கிகள் இரண்டும் 8 ஓம் உடையவை. சமையலறையிலும் பாட்டுக் கேட்கவேண்டும் என்று எண்ணிய வீட்டார், பழைய ஸ்டீரியோ ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த 4 ஓம் ஒலிபெருக்கிகளை அங்கே மாட்டி, அவற்றின் கம்பிகளையும் அதே முனைகளில் முறுக்கிச் சேர்த்துவிடுகின்றனர். முதல் நாள் குறை ஒன்றும் தெரிவதில்லை. இரு அறைகளிலும் இசை நன்றாகவே ஒலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முழுக் கச்சேரி ஒன்றை ஓட விடுகின்றனர். தனி ஆவர்த்தனம் தொடங்கும் வேளையில் ஆம்ப்ளிபயரின் மூடி தொட முடியாதபடி சுடுகிறது. சிறிது நேரத்தில் ஒரு பக்கம் ஓசையற்றுப் போகிறது. பழுதுபார்ப்பவர் திறந்து பார்க்கும்போது, வெளியீட்டு டிரான்ஸிஸ்டர்கள் கருகியிருக்கின்றன. தவறு எங்கே நேர்ந்தது? சாதனம் எதுவும் குறையுடையதன்று. ஒலியும் மிகையாக வைக்கப்படவில்லை. ஒரு தாளில் இரண்டு வரிகளில் போட்டிருக்கவேண்டிய கணக்கு ஒன்று போடப்படவில்லை; அவ்வளவே.

மின்மறிப்பு

ஒலிபெருக்கியின் பின்புறத்தில் குறிக்கப்படும் 4 ஓம், 8 ஓம், 16 ஓம் முதலிய எண்கள் அதன் மின்மறிப்பைக் குறிப்பன. கடைகளில் இது ‘இம்பீடன்ஸ்’ என்றே வழங்கும். இச்சொல்லை 1886 ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஆலிவர் ஹெவிசைடு ஆக்கினார். நேர் மின்னோட்டத்தைக் கம்பி தடுக்கும் அளவு மின்தடை எனப்படும். திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தை ஒரு சாதனம் மொத்தமாகத் தடுக்கும் அளவே மின்மறிப்பு. ஒலிபெருக்கியினுள் இருப்பது காந்தத்தின் இடைவெளியில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள். அச்சுருளோடு ஒட்டிய கூம்பு அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. 1925 இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வகுத்துக் காட்டிய அமைப்பே இன்றும் அடிப்படையில் மாறாமல் நிலவுகிறது. சுருள் வெறும் கம்பி மட்டுமன்று. அது காந்தப் புலத்தில் நகரும்போது தானும் ஒரு சிறு மின்னாக்கியாகித் தனக்கு எதிரான மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. ஆதலால் அதன் மறிப்பு ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஒவ்வொரு விதமாக மாறுகிறது.

‘8 ஓம்’ என்று குறிக்கப்பட்ட ஓர் ஒலிபெருக்கியை நுணுகி அளந்தால், கூம்பு இயல்பாக அதிரும் தாழ்ந்த அதிர்வெண்ணில், அஃதாவது பெரும்பாலும் வினாடிக்கு 50 முதல் 80 அதிர்வுகள் வரை உள்ள இடத்தில், மறிப்பு 30 ஓமுக்கு மேலும் உயர்ந்து நிற்கக் காணலாம். வினாடிக்கு 200, 300 அதிர்வுகள் என்னும் அளவில் அது 6.5 ஓம் வரை இறங்குகிறது. பின்னர்ச் சுருளின் தூண்டல் காரணமாக மெல்ல ஏறுகிறது. எனவே 8 என்பது எங்கும் நிலையாக உள்ள அளவன்று; பெயரளவிலான ஒரு குறிப்பே. எனினும் அக்குறிப்புக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சர்வதேச மின் தொழில்நுட்பக் குழு வகுத்த நியமத்தின்படி, எந்த அதிர்வெண்ணிலும் மறிப்பு, குறித்த அளவில் 80 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கலாகாது. 8 ஓம் எனக் குறித்தால் 6.4 ஓமுக்கும், 4 ஓம் எனக் குறித்தால் 3.2 ஓமுக்கும் குறையக்கூடாது என்பது பொருள். எல்லாத் தயாரிப்பாளர்களும் இதனைக் கண்டிப்பாகப் பின்பற்றுகின்றனர் என்று நம்பிவிட வேண்டியதில்லை.

பொருத்தம் என்னும் சொல்

பொருத்தம் என்றவுடன், இரண்டும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. பத்துப் பொருத்தமும் பார்த்துப் பழகிய சமூகத்தில் 8 ஓம் ஆம்ப்ளிபயருக்கு 8 ஓம் ஒலிபெருக்கி என்று எண்ணுவதில் வியப்பில்லை. இவ்வெண்ணத்துக்கு விஞ்ஞான வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. ஒரு மின் மூலத்திலிருந்து மிகுதியான திறனைப் பெற வேண்டுமாயின், அதனுள் இருக்கும் தடையும் வெளியே உள்ள தடையும் சமமாக இருத்தல் வேண்டும் என்பது பாடநூல்களில் வரும் உண்மை. வால்வுகளால் அமைந்த பழைய ஆம்ப்ளிபயர்களில் வெளியீட்டு மின்மாற்றி ஒன்று இருந்தது. அதில் 4, 8, 16 ஓம் எனத் தனித்தனி முனைகள் இருக்கும். ஒலிபெருக்கியின் எண்ணுக்கு ஏற்ற முனையில் இணைத்தல் அங்கு முறையானதே.

இன்றைய டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபயரின் நிலை வேறு. அதன் உள் மறிப்பு ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆகும். அதனோடு 8 ஓம் ஒலிபெருக்கி எவ்வகையிலும் சமமாவதில்லை; சமமாக்குவதும் வேண்டுவதில்லை. இதனை வீட்டு மின் இணைப்போடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். சுவரில் உள்ள 230 வோல்ட் இணைப்பில் ஒரு சிறு விளக்கை மாட்டினாலும் அது எரிகிறது. இஸ்திரிப் பெட்டியை மாட்டினாலும் அது சுடுகிறது. விளக்கு இணைப்போடு பொருந்துகிறதா என்று எவரும் கேட்பதில்லை. ஒரே இணைப்பில் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கலம் ஆகிய மூன்றையும் மாட்டும்போதுதான் ப்யூஸ் உருகுகிறது. ஆம்ப்ளிபயரும் அத்தகையதே. அது ஒரு மின்னழுத்தத்தை அளிக்கிறது. எவ்வளவு மின்னோட்டம் எடுப்பது என்பதை ஒலிபெருக்கியே முடிவு செய்கிறது. மறிப்பு குறையக் குறைய மின்னோட்டம் மிகும். ஆம்ப்ளிபயரின் பின்புறத்தில் உள்ள ஓம் எண் சமத்துவத்தைக் கேட்பதன்று. ‘இதற்குக் கீழே இறங்காதே’ என்னும் எல்லையைக் காட்டுவது. 8 ஓம் ஆம்ப்ளிபயரில் 16 ஓம் ஒலிபெருக்கியை மாட்டினால் ஒலி சற்றுக் குறையுமேயன்றிக் கேடு விளையாது. 4 ஓம் வரை இடந்தரும் ஆம்ப்ளிபயரில் 2 ஓம் சுமையை மாட்டினால் கேடு விளையும்.

இனி, வாஷி வீட்டின் கணக்கைப் பார்க்கலாம். மின்திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மறிப்பால் வகுத்து வருவது. 8 ஓமில் 50 வாட் கிடைக்க வேண்டுமாயின், வர்க்கம் 400 ஆகவும், மின்னழுத்தம் 20 வோல்ட்டாகவும் இருத்தல் வேண்டும். அப்போது ஓடும் மின்னோட்டம் 2.5 ஆம்பியர். அதே முனைகளில் 4 ஓம் ஒலிபெருக்கியையும் பக்க இணைப்பில் சேர்த்ததும், இரண்டின் பெருக்கமாகிய 32 ஐ அவற்றின் கூட்டலாகிய 12 ஆல் வகுக்கக் கிடைப்பது 2.67 ஓம். 20 வோல்ட்டில் அது 7.5 ஆம்பியரைக் கேட்கிறது, முன்னைப்போல் மும்மடங்கு. ஒரு பக்கத்துக்கு 150 வாட்டும், இரு பக்கத்துக்கும் சேர்த்து 300 வாட்டும் வேண்டும். அமைக்கப்பட்டதோ மொத்தம் 100 வாட்டுக்கு. மின்வழங்கியால் அவ்வளவையும் தர இயலாது. ஆனால் கேட்கப்படும்போது, தன்னால் இயன்றவரை தந்து வெப்பமடைகிறது.

ஈண்டுக் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. இவ்வகை ஆம்ப்ளிபயர்களில் வெளியீட்டு டிரான்ஸிஸ்டர்கள் மிகுதியாகச் சூடேறுவது முழு ஒலியில் அன்று. முழுத் திறனில் ஏறத்தாழ 40 சதவிகிதம் வெளிப்படும் இடை நிலையில்தான். முழு வீச்சில் மின்சக்தியின் பெரும்பகுதி ஒலிபெருக்கிக்குச் சென்றுவிடுகிறது. இடை நிலையில் அதில் பெரும்பங்கு டிரான்ஸிஸ்டரிலேயே வெப்பமாகிறது. ‘ஒலியை நடுவில்தானே வைத்திருந்தோம்’ என்று வீட்டார் கூறுவது உண்மையே; அதுவே இடருக்குக் காரணம். சுமையின் மறிப்பு பாதியானால் இவ்வெப்பம் இருமடங்காகும். அலமாரியின் மூடிய அறையில், மும்பையின் மே மாத வெப்பத்தில், மூடியின் துளைகளை மறைத்து ஒரு துணியும் விரித்து, அதன்மேல் பூச்சாடியும் வைத்திருந்தால், மீதி வேலையை அது முடித்துவிடும். அண்மைக் காலத்தில் பரவியுள்ள ‘டி வகுப்பு’ ஆம்ப்ளிபயர்கள் இவ்வளவு சூடாவதில்லை. ஆயினும் அவற்றிலும் மின்னோட்டத்துக்கு எல்லை உண்டு. எல்லை மீறினால் பெரும்பாலானவை தாமே வாயடைத்துக் கொள்கின்றன.

அவ்வீட்டார் செய்திருக்கக்கூடியது என்ன? முன்னறை, சமையலறை என ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இயக்கும் தேர்வு ஸ்விட்ச் ஒன்றை மாட்டியிருக்கலாம். ஆம்ப்ளிபயர் 4 ஓம் வரை இடந்தருமாயின் இது போதும். அல்லது 8 ஓம் ஒலிபெருக்கிகளையே சமையலறைக்கும் வாங்கியிருக்கலாம். அப்போது கூட்டு மறிப்பு 4 ஓம். தொடர் இணைப்பு மூன்றாவது வழி. 8 ஓமும் 4 ஓமும் தொடராக நின்றால் 12 ஓம், ஆம்ப்ளிபயருக்கு அச்சமில்லை. 20 வோல்ட்டில் 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 22 வாட்டும், 4 ஓம் ஒலிபெருக்கிக்கு 11 வாட்டும் சேரும். ஆனால் ஒன்றின் மறிப்பு அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும்போது மற்றொன்றுக்குச் சேரும் பங்கும் ஏறி இறங்குவதால், இரண்டின் ஒலித் தன்மையும் கெடுகிறது. ஒரே வகையான இரண்டை மட்டுமே தொடரில் இணைப்பது நன்று. செய்தி கேட்பதற்கு இது பெரிதன்று. வீணைக்கு இது பெரிதே.

வாட் கணக்கு

மறிப்புக்கு அடுத்தபடியாகக் குழப்பம் விளைப்பது வாட் எண். பெட்டியின்மேல் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று பொறித்த சாதனங்கள் இந்தியச் சந்தையில் ஒரு காலத்தில் மலிந்திருந்தன; இன்றும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. கண நேரத்துக்குத் தோன்றக்கூடும் என்று கற்பிக்கப்படும் உச்ச அளவு அது. அதை அளப்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட முறை எதுவும் இல்லை. இதனைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. அதே சாதனத்தின் பின்புறத்தில், மின் இணைப்பிலிருந்து அது எடுக்கும் திறனும் குறிக்கப்பட்டிருக்கும். அங்கு 40 வாட் என்றிருந்தால், உள்ளே செல்வது 40 ஆக இருக்க, வெளியே இடைவிடாது 1000 வருவது எங்ஙனம்? சக்தி அழிவின்மை விதியை மாணவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது. சாதாரண வகை ஆம்ப்ளிபயரில், கொள்கையளவிலேயே 78.5 சதவிகிதத்துக்கு மேல் வெளியே வர இயலாது. வாங்குவோர் பார்க்க வேண்டியது ‘தொடர்ச்சியான திறன்’ அல்லது ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறித்த எண்ணையே.

ஒலிபெருக்கியின்மேல் உள்ள வாட் எண்ணோ வேறு பொருளுடையது. அது ஒலிபெருக்கி தரும் அளவன்று, தாங்கும் அளவு. சர்வதேச நியமத்தின் ஒரு சோதனையில், இசையை ஒத்த இரைச்சலை 100 மணி நேரம் இடைவிடாது செலுத்தி, நிலையான சேதமின்றித் தாங்குகிறதா என்று பார்க்கின்றனர். ஆகவே 100 வாட் ஒலிபெருக்கி 50 வாட் ஒலிபெருக்கியினும் உரக்கப் பாடும் என்று எண்ணுவது தவறு. உரத்த ஒலியைத் தீர்மானிப்பது ‘உணர்திறன்’ என்னும் மற்றோர் எண். 1 வாட் செலுத்தி 1 மீட்டர் தொலைவில் அளக்கப்படும் டெசிபெல் அளவு அது. வீட்டு ஒலிபெருக்கிகள் பலவற்றில் இது 84 முதல் 92 வரை அமைகிறது. 86 டெசிபெல் உடையது, தான் பெறும் மின்சக்தியில் ஏறத்தாழக் கால் சதவிகிதத்தையே ஒலியாக்குகிறது. எஞ்சிய அனைத்தும் கம்பிச்சுருளில் வெப்பமாகிறது. நீராவி எஞ்சினைக் குறைகூறுவோர் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

டெசிபெல் கணக்கில் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்தினால் போதும். திறனை இருமடங்காக்கினால் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல் கூடும். காதுக்கு ஒலி இருமடங்கு உரத்ததாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். 50 வாட் ஆம்ப்ளிபயரைக் கொடுத்துவிட்டு 100 வாட் வாங்குபவர் பெறுவது 3 டெசிபெல் மட்டுமே. அக்கம்பக்கத்தில் எவரும் அதைக் கவனிக்கமாட்டார். அதே பணத்தில் 86 டெசிபெல் ஒலிபெருக்கிக்குப் பதில் 92 டெசிபெல் உடையதை வாங்கினால், அது நான்கு மடங்கு திறனுக்கு ஒப்பாகும்.

வாஷியின் முன்னறைக்கு எத்தனை வாட் தேவை? கேட்பவர் ஒலிபெருக்கியிலிருந்து 3 மீட்டர் தொலைவில் அமர்ந்திருக்கிறார் என்க. வெட்டவெளியில் இத்தொலைவில் ஒலி 9.5 டெசிபெல் குறையும். அறைச் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் 6 அளவே குறைகிறது என்று கொள்ளலாம். இரண்டாவது ஒலிபெருக்கி 3 டெசிபெலைச் சேர்க்கிறது. ஆகவே 86 டெசிபெல் உடைய இரு ஒலிபெருக்கிகளுக்கும் 1 வாட் வீதம் அளித்தால், நாற்காலியில் கிடைப்பது 83 டெசிபெல். இயல்பான உரையாடல் 60 டெசிபெல் அளவினது. 70 டெசிபெல் சராசரியில் கச்சேரி கேட்கும்போது, மிருதங்கத்தின் வலிய அடிகள் 15 டெசிபெல் மேலெழுந்து 85 ஐத் தொட்டாலும் வேண்டுவது 2 வாட்டுக்கும் குறைவு. சராசரி 75, அதற்கு மேல் 20 டெசிபெல் உயரும் அடிகள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 16 வாட் போதும். வெளியரங்குக்கென்றே பிறந்த நாகஸ்வரத்தையும் தவிலையும் கோயில் வாசலில் கேட்ட அதே உரப்பில் அவ்வறைக்குள் கொணர விரும்புவோர்க்கு மட்டும் இக்கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அண்டை வீட்டாரின் கணக்கு ஒன்று இருக்கிறது.

அக்கணக்கைச் சட்டமும் வகுத்துள்ளது. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபெலும், இரவில் 45 டெசிபெலும் எல்லைகளாம். தனியார் ஒலிச் சாதனத்தின் ஓசை, அவ்விடத்தின் எல்லையில் இவ்வளவினும் 5 டெசிபெலுக்கு மேல் மிகலாகாது. கேட்பவரின் சொந்தக் காதும் கருதத்தக்கதே. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபெலுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 90 டெசிபெலில் அந்நேரம் வாரத்துக்கு 4 மணியாகச் சுருங்குகிறது.

இவ்வளவு குறைந்த திறனே போதுமாயின், ஒலிபெருக்கிகள் ஏன் எரிகின்றன? பெரிய ஆம்ப்ளிபயரே காரணம் என்று பலர் எண்ணுவர். உண்மையில் சிறிய ஆம்ப்ளிபயரை அளவுக்கு மீறி விரட்டுவதே அடிக்கடி காரணமாகிறது. தன் மின்னழுத்த எல்லையைத் தொட்டதும் ஆம்ப்ளிபயர், அலையின் முகட்டை வெட்டிச் சமதளமாக்குகிறது. 20 வோல்ட் அலையின் முகடு 28.3 வோல்ட். அலை முழுதும் வெட்டுண்டு சதுரமானால் 8 ஓமில் 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் பாய்கிறது. மேலும் வெட்டுண்ட அலையில் புதிய உயர் அதிர்வெண்கள் தோன்றுகின்றன. அழுத்தி நசுக்கப்பட்ட இசையில் உயர் ஒலிகளின் சராசரிப் பங்கும் ஏறுகிறது. அவை நேரே செல்வது ட்வீட்டர் எனப்படும் சிறு ஒலிபெருக்கிக்கு. 50 வாட் என்று எழுதிய பெட்டியிலும், மெல்லிய கம்பியால் சுற்றிய அந்தச் சிறு சுருள் தனியாகத் தாங்குவது சில வாட் மட்டுமே. இயல்பான இசையில் உயர் ஒலிகளுக்குரிய சக்தி குறைவு என்னும் நம்பிக்கையில்தான் அது அங்கே வைக்கப்பட்டுள்ளது. ஒலி கரகரக்கத் தொடங்கியதும் குமிழைக் குறைத்தல் வேண்டும். ஆம்ப்ளிபயரின் திறன் ஒலிபெருக்கியின் திறனுக்குச் சமமாகவோ ஒன்றரை மடங்காகவோ இருப்பது நல்ல ஏற்பாடு. குறைவாக இருப்பினும் கரகரப்பின்றிக் கேட்பவர்க்குத் தீங்கில்லை.

கம்பியும் உப்புக்காற்றும்

ஒலிபெருக்கிக் கம்பிகளைப் பற்றி வியாபாரிகள் கூறும் அதிசயங்கள் பல. அறிய வேண்டியது ஒன்றே: கம்பியின் தடையும் சுமையோடு சேர்ந்து நிற்கிறது. 10 மீட்டர் தொலைவுக்குப் போகவும் வரவுமாக 20 மீட்டர் செம்புக் கம்பி வேண்டும். அழைப்பு மணிக்குப் பயன்படும் 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் தடை 0.69 ஓம், 4 ஓம் ஒலிபெருக்கிக்குச் செல்லும் திறனில் ஏறத்தாழ 15 சதவிகிதம் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இது 3 சதவிகித அளவுக்குக் குறைகிறது. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 1.5 சதுர மில்லிமீட்டரே போதும். வீட்டு மின்னிணைப்புக்கு விற்கும் நல்ல செம்புக் கம்பி இதற்குக் குறைவற உதவும்.

கழிக்கரையில் அமைந்த வாஷியில் கம்பியைவிடக் கம்பியின் முனை கவலைக்குரியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரமும் உப்பும் மிகுந்திருப்பதால், முறுக்கி வைத்த செம்பு இழைகள் பச்சை பூத்துத் தடை கூடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்தபின், முனைகளை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்கவேண்டும். சீவும்போது ஓர் இழையேனும் அடுத்த முனையைத் தொடாதிருப்பது முக்கியம்; டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபயருக்குக் குறுக்குச் சுற்றினும் பெரிய பகை இல்லை. வால்வு ஆம்ப்ளிபயருக்கு இதற்கு நேர்மாறு. ஒலிபெருக்கி இன்றி அதனை இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றியில் உயர் மின்னழுத்தம் எழுந்து காப்பைத் துளைத்துவிடும். கூம்பின் விளிம்பில் நுரைப்பஞ்சு உள்ள ஒலிபெருக்கிகள் இவ்வீரத்தில் சில ஆண்டுகளில் பொடிந்து உதிர்கின்றன. ரப்பர் விளிம்பு நெடுநாள் உழைக்கும்.

பள்ளியில் உள்ள ஒலிபெருக்கிகள்

பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் உள்ள கூட்ட ஆம்ப்ளிபயர்களின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் முனைகளோடு ‘100 வோல்ட்’ என்ற முனையும் இருக்கும். நெடுந்தொலைவுக்கு ஒலியைக் கொண்டுசெல்லும் ஏற்பாடு இது; மின்வாரியம் உயர் அழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்புவது போன்றதே. இங்கு ஒவ்வோர் ஒலிபெருக்கியோடும் ஒரு சிறு மின்மாற்றி இணைந்திருக்கவேண்டும். கணக்கும் எளிது. ஒவ்வொன்றிலும் குறித்த வாட்டைக் கூட்டினால், மொத்தம் ஆம்ப்ளிபயரின் வாட்டுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். 10 வாட் ஒலிபெருக்கி 1000 ஓம் போல நிற்கிறது. 100 வாட் ஆம்ப்ளிபயரில் அத்தகைய பத்தைப் பக்க இணைப்பில் இணைக்கலாம். விழா நாளில் ஒன்று குறைகிறதென்று, வீட்டு ஸ்டீரியோவின் 8 ஓம் ஒலிபெருக்கியைக் கொணர்ந்து நேரே 100 வோல்ட் முனையில் மாட்டுவது அறியாமையால் நேரும் செயல். கணக்குப்படி அது கேட்பது 1250 வாட். ஒலிபெருக்கியோ ஆம்ப்ளிபயரோ, எது முந்திப் போகும் என்பதே ஐயம். அம்முனைகளைக் கையால் தொடுவதும் ஆகாது.

வகுப்பறைச் சோதனை

பயனற்ற பழைய ஒலிபெருக்கிகள் இரண்டு, ஒரு மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பாட்டரி ஒன்று ஆகியவை இருப்பின், மேற்கூறியவற்றுள் பெரும்பகுதியை மாணவர் கண்ணாலேயே காணலாம். மல்டிமீட்டரால் அளக்கும்போது 8 ஓம் ஒலிபெருக்கி 6 ஓம் அளவே காட்டும். 4 ஓம் உடையது 3 ஓமுக்குச் சற்று மேல் காட்டும். கருவி அளப்பது கம்பியின் நேர்மின் தடையை மட்டுமே. குறிப்பு அழிந்துபோன ஒலிபெருக்கியின் ஓம் எண்ணை அறிய இதுவே வழி. பின்னர் இரண்டையும் பக்கமாகவும் தொடராகவும் இணைத்து அளக்கச் செய்து, கணக்கோடு ஒப்பிடலாம்.

பாட்டரியை ஊஃபர் எனப்படும் பெரிய ஒலிபெருக்கியின் முனைகளில் கணநேரம் தொட்டால், கூம்பு வெளியே தள்ளும் அல்லது உள்ளே இழுக்கும். வெளியே தள்ளும்போது பாட்டரியின் நேர் முனை தொட்டிருக்கும் முனையே ஒலிபெருக்கியின் நேர் முனை. ஸ்டீரியோவில் ஒன்றை நேராகவும் மற்றொன்றைத் திருப்பியும் இணைத்துவிட்டால், ஒரு கூம்பு தள்ளும்போது மற்றொன்று இழுக்கிறது. தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்துபோகிறது. புதிய ஒலிபெருக்கிகளைக் குறைகூறித் திருப்பிக் கொடுக்கச் சென்றவர்களுள், கம்பியை மாற்றி முறுக்கினால் போதும் என்பதை அறியாதவர் பலர்.

மற்றொரு சோதனைக்குப் பாட்டரியும் வேண்டுவதில்லை. எதனோடும் இணைக்கப்படாத ஊஃபரின் கூம்பை விரலால் மெல்லத் தட்டினால், ‘தும்’ என்று நீண்டு ஒலிக்கும். அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு மீண்டும் தட்டினால், ஒலி சட்டென்று அடங்கும். நகரும் சுருள் தானே மின்னோட்டத்தை உண்டாக்க, அவ்வோட்டம் சுருளின் அசைவைத் தடுக்கிறது. ஆம்ப்ளிபயரின் உள் மறிப்பு ஒலிபெருக்கிக்குச் சமமாக இராமல் மிகக் குறைந்திருப்பதன் பயன் இங்கே காதுக்கே தெரிகிறது. கூம்பின் முனைகளை அது ஏறத்தாழ அத்துண்டுக் கம்பியைப் போலவே இணைத்து வைத்திருப்பதால், அடி விழுந்தபின் கூம்பு தானாக ஆடிக்கொண்டிராமல் உடனே நிற்கிறது.